சான்றிதழ் இல்லாத மாணவருக்குத் தேர்வுச் சலுகை: ஆசிரியரின் சட்டப்பொறுப்பு எதுவரை?

வகுப்பாசிரியர்_9ஆ
மாநிலப் பாடத்திட்ட மெட்ரிக் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. ஒரு மாணவர் அறிவியல், சமூக அறிவியல் இரண்டிலும் வாயால் கேட்டால் முழு விடையும் சொல்கிறார். எழுதும்போது பாதி வினாக்களுக்குமேல் போவதில்லை. எழுத்துகள் விடுபடுகின்றன, வரி கோணுகிறது, கை சீக்கிரம் வலித்துவிடுகிறது. கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் வேண்டும் என்று பெற்றோர் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவச் சான்றிதழ் இன்னும் இல்லை. "சான்றிதழ் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறது நிர்வாகம்.

தெரிய வேண்டியவை: சான்றிதழ் வரும்வரை பள்ளி எதுவும் செய்யாமல் இருக்கலாமா? வகுப்பாசிரியருக்குத் தனிப்பட்ட சட்டப்பொறுப்பு உண்டா? அடுத்த ஆண்டு பொதுத்தேர்வுக்கு எப்போது தொடங்க வேண்டும்?

சட்டக்குறிப்பு
முதல் கேள்விக்கு நேரான பதில்: இருக்க முடியாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 19 ஏப்ரல் 2017. அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ வரும் தொடர் சிரமம், அவற்றில் ஒன்று. பிரிவு 16 கல்வி நிறுவனங்கள் செய்ய வேண்டியவற்றை எட்டு உட்பிரிவுகளாகச் சொல்கிறது. உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துபவை மூன்று. ஒன்று, தனிநபரின் தேவைக்கேற்ப நியாயமான தகவமைப்பு (கற்பித்தலிலும் தேர்விலும் செய்யும் பொருத்தமான மாற்றம்) வழங்குவது. இரண்டு, கற்றல் குறைபாட்டை முடிந்தவரை முன்கூட்டியே கண்டறிந்து, கற்பிக்கும் முறையிலும் பிறவற்றிலும் தகுந்த நடவடிக்கை எடுப்பது. மூன்று, மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது.

இரண்டாவதைக் கவனியுங்கள். கண்டறியும் பொறுப்பைச் சட்டம் பள்ளியின் மேல் வைத்திருக்கிறது. கண்டறிய வேண்டியவரே "கண்டறிந்த தாளைக் கொண்டுவா" என்று பெற்றோரிடம் கேட்டுவிட்டு ஒதுங்குவது, தன் கடமையை அவர்கள் தலையில் போடுவதாகும்.

அடுத்து, குறைபாடு 40 விழுக்காடு இருந்தால்தான் சலுகை என்ற குழப்பம். இந்தச் சட்டத்தில் இரண்டு வட்டங்கள் உள்ளன. பெரிய வட்டம், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும். அதற்குள் சிறிய வட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றவர்கள். உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு (பிரிவு 32), 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி (பிரிவு 31) போன்றவை சிறிய வட்டத்துக்கு உரியவை. பாகுபாடு காட்டாமையும் நியாயமான தகவமைப்பும் பெரிய வட்டம் முழுவதற்கும் பொருந்தும். விகாஸ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில் 11 பிப்ரவரி 2021 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் தீர்த்துவைத்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நிலை உள்ள ஒருவருக்கு, 40 விழுக்காடு இல்லை என்ற காரணத்துக்காக, சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது என்றது. அதன் தொடர்ச்சியாக, 40 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான தேர்வு வழிகாட்டுதலை ஒன்றிய அரசு 10 ஆகஸ்ட் 2022 அன்று வெளியிட்டது.

இரண்டாம் கேள்வி, தனிப்பட்ட பொறுப்பு. பிரிவு 89 மீறுகிற "எவரும்" என்றுதான் தொடங்குகிறது: முதல் மீறலுக்கு 10,000 ரூபாய்வரை அபராதம், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம்வரை. பிரிவு 90 நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவரையும் சேர்த்துப் பிடிக்கும். நடைமுறையில் அபராதம் தலைமையாசிரியர், தாளாளர் பக்கம்தான் போகும். ஆனால் தேவை தெரிந்தும் எழுத்தில் மேலே தெரிவிக்காத வகுப்பாசிரியரின் பெயரும் விசாரணையில் வரும். அதனால் நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒரு பக்கக் கடிதம். நீங்கள் கவனித்தவை, தேதிகள், பெற்றோர் கேட்டது, நீங்கள் பரிந்துரைப்பது. தலைமையாசிரியருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் உள்ள நகலை வைத்துக்கொள்ளுங்கள். "குறைபாடு உள்ளவர்" என்று முடிவு எழுதாதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. "40 நிமிடத்தில் 11 வரி எழுதினார், வாய்மொழியில் 10 வினாவுக்கு 9 சரி" என்பதுபோல் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

தாளாளர்_தரப்பு
சட்டக்குறிப்பு சார் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார். பிரிவு 16 "அரசும் உள்ளாட்சியும் முயல வேண்டும்" என்றுதானே தொடங்குகிறது? கடமை அரசுக்கு. சுயநிதிப் பள்ளிமேல் அது எப்படி நேரடியாக ஏறும்? இன்னொன்று, நியாயமான தகவமைப்பு என்பதற்கான விளக்கத்திலேயே அளவுக்கு மீறிய சுமை கூடாது என்று இருக்கிறது. வகுப்புக்கு நாற்பது பேர். கேட்டவர்களுக்கெல்லாம் தனி அறை, தனி ஆள் என்றால் எந்தப் பள்ளியும் தாங்காது. மதிப்பெண் ஆசையில் பொய்யாகக் கேட்பவர்களை எப்படித் தடுப்பது?

சட்டக்குறிப்பு
மூன்றும் நியாயமான கேள்விகள், ஒவ்வொன்றாக வருகிறேன்.

பிரிவு 16இன் முதல் வரி அரசை நோக்கியது, உண்மை. ஆனால் அது பேசுவது அரசு நிதி பெறும் பள்ளிகளை மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும். உங்கள் அங்கீகாரம் அரசிடமிருந்துதான் வருகிறது. அதையும் தள்ளிவைத்தாலும் பிரிவு 3(3) இருக்கிறது: மாற்றுத்திறன் காரணமாக எவரையும் பாகுபடுத்தக் கூடாது. பாகுபாடு என்பதன் விளக்கத்துக்குள்ளேயே, பிரிவு 2(எச்), நியாயமான தகவமைப்பை மறுப்பதும் அடக்கம். இதில் அரசு, தனியார் என்ற பிரிவே இல்லை.

சுமை வாதம் சட்டத்தில் உண்டு. ஆனால் அதை நிறுவ வேண்டியது பள்ளி, அதுவும் அந்தக் குறிப்பிட்ட மாணவரின் குறிப்பிட்ட கோரிக்கைக்கு. "எல்லாரும் கேட்பார்கள்" என்பது பதிலாகாது. 3 மணி நேரத் தேர்வில் 1 மணி நேரம் கூடுதலாகக் கொடுக்க ஓர் அறையும் ஒரு கண்காணிப்பாளரும் போதும். அதை எந்த மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் தாங்கமுடியாத சுமை என்று காட்ட முடியாது. மின்தூக்கி வை என்று கேட்டால் பேச இடமிருக்கிறது. அப்போதும் அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

பொய்க் கோரிக்கைக்குப் பிரிவு 91 உள்ளது. மாற்றுத்திறனாளிக்குரிய பயனை மோசடியாகப் பெற்றால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லலாம். அதைக் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்க முடியாது. பள்ளித் தேர்வில் 20 நிமிடம் கூடக் கொடுத்து, பிறகு தேவையில்லை என்று தெரிந்தால் யாருக்கும் நட்டமில்லை. மறுத்து, பிறகு தேவை இருந்தது என்று தெரிந்தால் ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டு போய்விடுகிறது.

வள_மையம்
சிறப்புப் பயிற்றுநர் பார்வையில் சில சேர்க்கிறேன். சான்றிதழ் எப்படி வருகிறது என்பதே பல பள்ளிகளுக்குத் தெரியாததால்தான் "வரட்டும்" என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்றிய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி, கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டக் கண்டறிதல் மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில், எது முன்னதோ அப்போது, ஆசிரியரால் நடக்க வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டிலும் தலைமையாசிரியர் தலைமையில் ஒரு கண்டறிதல் குழு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு பரிந்துரைத்த பிறகு குழந்தைகள்நல மருத்துவர் பார்வை, செவி, நரம்பியல் காரணங்களைப் பார்ப்பார். பிறகு உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனையும், அதற்குப் பின் கற்றல் குறைபாட்டுச் சோதனையும் செய்வார். சான்று 8 வயதுக்கு முன் கிடையாது. 14 வயதில் மறுசான்று, 18 வயதில் மீண்டும் ஒருமுறை. 18இல் தருவது ஆயுள் முழுவதற்கும்.

இந்தப் 14 வயது மறுசான்றில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் வாங்கிய சான்றைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். பத்தாம் வகுப்பில் காட்டும்போது அது காலாவதி. ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கும்போதே 14 வயது நிறையும் தேதியைக் குறித்துவைத்துப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் டீச்சர்.

தமிழ்வழி மாணவருக்கு எதை வைத்துச் சந்தேகிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பேச்சு வழக்கால் எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. பார்க்க வேண்டியவை வேறு. மெய்யெழுத்தின் புள்ளி தொடர்ந்து விடுபடுவது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறுவது. "கொ" எழுதும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது. நான்காம் வகுப்பிலும் சொல்லாகப் படிக்காமல் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பது. கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் தலை நிமிர்வது. இவை 6 மாதமாவது தொடர்ந்து, வாய்மொழி அறிவுக்கும் எழுத்துக்கும் பெரிய இடைவெளியும் இருந்தால் அனுப்புங்கள். அதற்கு முன் கண் பரிசோதனை. கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்த பிள்ளைகள் உண்டு. பள்ளிக்கு ஒழுங்காக வந்தாரா என்று வருகைப் பதிவையும் பாருங்கள். நீண்ட விடுப்பால் வந்த இடைவெளி வேறு, கற்றல் குறைபாடு வேறு.

மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். கண்டறிதல் குழுவின் கடிதம், வெவ்வேறு மாதங்களின் விடைத்தாள் நகல் நான்கைந்து, தமிழ், ஆங்கிலம், கணக்கு நோட்டுகளின் சில பக்கங்கள், மதிப்பெண் பட்டியல், கண் பரிசோதனை முடிவு ஆகியவற்றை இணையுங்கள். தமிழ்வழியில் படிப்பவரை ஆங்கிலச் சொற்பட்டியலால் மட்டும் சோதித்தால் முடிவு பிழையாகும். பயிற்றுமொழி தமிழ் என்று கடிதத்திலேயே எழுதுங்கள்.

சான்றுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் இணையத்தில் விண்ணப்பித்த ரசீதை நகலெடுத்துப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். "சான்று இல்லை" என்பதற்கும் "சான்றுக்கு இன்ன தேதியில் விண்ணப்பித்தாயிற்று" என்பதற்கும் கோப்பில் பெரிய வித்தியாசம் உண்டு.

தேர்வறை_27
மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகை, தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றுடன் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போய் ஆணையாக வர வேண்டும். பாதிப்பின் வகையைப் பொறுத்து கூடுதல் 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு என்று தருவார்கள். கடைசித் தேதி அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் வரும். அதற்காகக் காத்திருந்தால் மருத்துவக் குழுவின் தேதி கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத்தேர்வுக்கு முன்பே மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஜூனில் விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும். பெயர்ப்பட்டியலில் மாற்றுத்திறன் விவரம் சரியாக ஏறியதா என்று அச்செடுத்துப் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அங்கே ஒரு கட்டம் தவறினால் தேர்வு நாளில் அறை ஒதுக்கீட்டில் பெயரே இருக்காது.

சிபிஎஸ்இ பள்ளியினருக்கு நேர அளவு: 3 மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம், இரண்டரை மணிக்கு 50, 2 மணிக்கு 40, ஒன்றரை மணிக்கு 30. அதாவது மணிக்கு 20 நிமிடம். ஒன்றிய அரசின் 29 ஆகஸ்ட் 2018 வழிகாட்டுதலும் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றே சொல்கிறது.

சொல்வதை எழுதுபவரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தேர்வறையில் நடக்கும் மிகப்பெரிய தவறு. சொல்லி எழுதவைப்பது தனித் திறமை; பழகாமல் வராது. கணக்கில் "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்றின் வர்க்கம்" என்று மாணவர் சொன்னால், வர்க்கம் மூன்றுக்கா, முழுக்கோவைக்கா? எழுதுபவர் தானாக ஊகிக்கக் கூடாது, கேட்கவும் தயங்குவார். "அடைப்புக்குறி திற, இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்புக்குறி மூடு, முழுவதற்கும் வர்க்கம்" என்று சொல்ல மாணவர் பழகியிருக்க வேண்டும். பின்னத்தில் "மேலே", "கீழே", "கோடு முடிந்தது" என்ற மூன்று சொற்களும் வேண்டும். படம் வரைய, "தாளின் நடுவில் வட்டம், குறுக்களவு விரல் நீளம், வலப்பக்கம் மேலே அம்புக்குறி, பெயர் இன்னது" என்ற வரிசையில் சொல்ல வேண்டும். இதற்குக் குறைந்தது ஆறு முழுநீளப் பயிற்சித் தேர்வுகளாவது வேண்டும் என்பது என் கணக்கு. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் சொல்வதை எழுதுபவரை மறுத்துவிட்டு, பொதுத்தேர்வில் மட்டும் கொடுத்தால் அந்தச் சலுகை பிள்ளைக்கு உதவாது.

மற்றவை சுருக்கமாக. தனி அறை கட்டாயம், ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்கும். தரைத்தளம் நல்லது. 2018 வழிகாட்டுதலில், எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே மாணவர் சந்திக்க வழி உண்டு. பாடத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம், மொழித்தாளுக்கு இது பெரிய உதவி. எழுதுபவரின் படிப்புத் தகுதி பற்றிய விதி தேர்வு நடத்தும் அமைப்பைப் பொறுத்து மாறும். ஒரு வாரியத்தின் விதியை இன்னொரு வாரியத்தில் காட்டிச் சண்டை போடாதீர்கள். கண்காணிப்பாளருக்கு ஆணையின் நகலை முந்தின நாளே கொடுங்கள். அவ்னி பிரகாஷ் எதிர் தேசியத் தேர்வு முகமை வழக்கு, 23 நவம்பர் 2021, இதற்காகவே படிக்க வேண்டியது. உரிமை உள்ள மாணவியிடமிருந்து கூடுதல் நேரம் முடியுமுன் விடைத்தாள் வாங்கப்பட்டது. தேர்வு மையப் பணியாளருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியது தேர்வு நடத்துபவரின் கடமை என்றது உச்ச நீதிமன்றம்.

வகுப்பாசிரியர்_9ஆ
மிக்க நன்றி. வகுப்புத் தேர்வு ஒரு பாடவேளைக்குள், 40 நிமிடம் நடக்கிறது. மணி அடித்ததும் அடுத்த ஆசிரியர் வந்துவிடுகிறார். அங்கே கூடுதல் நேரம் எப்படித் தருவது? எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாமா?

வள_மையம்
நேரம் கூட்ட முடியாத இடத்தில் வினாவைக் குறையுங்கள். மணிக்கு 20 நிமிடம் என்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நேரம் அப்படியே இருந்தால் வினா அளவை முக்கால் பங்காக்கினால் அதே விகிதம் வந்துவிடும். 20 மதிப்பெண் தாளில் 15க்கு எழுதவிட்டு, 20க்கு மாற்றிக்கொள்ளுங்கள். எந்த வினாவை விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். மாணவரிடம் விட்டால் கடினமான அலகு முழுவதும் போய்விடும். அறிவியல் வகுப்புத்தேர்வில் பாதியை வாய்மொழியாகவும் கேட்கலாம். கேட்ட வினா, சொன்ன விடையின் முக்கியச் சொற்கள், மதிப்பெண் மூன்றையும் அப்போதே ஒரு தாளில் குறித்து வைத்தால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது.

எழுத்துப்பிழை: சமூக அறிவியலில் நீங்கள் சோதிப்பது வரலாறு. "தஞ்சாவூர்" என்பதில் ஒரு கால் விடுபட்டதற்கு மதிப்பெண் குறைத்தால் வேறெதையோ சோதிக்கிறீர்கள். மொழிப்பாடத்தில் எழுத்துப்பிழைக்கென உள்ள வினாவில் மட்டும் குறையுங்கள். பள்ளித் தேர்வில் இதை முடிவு செய்யும் உரிமை பள்ளிக்கு உண்டு.

இவற்றையெல்லாம் தலையில் வைத்துக்கொள்ளாமல் ஐ.இ.பி. என்கிற தனிநபர் கல்வித் திட்டமாக எழுதிவிடுங்கள். இரண்டு பக்கம் போதும். பத்துப் பக்கம் எழுதினால் பாட ஆசிரியர் யாரும் படிக்க மாட்டார். இன்றைய நிலை, மூன்று மாதத்துக்கான இரண்டு அல்லது மூன்று இலக்குகள், ஒவ்வொரு பாடத்திலும் செய்யும் மாற்றம், செய்பவர், மறுபார்வைத் தேதி, பெற்றோர் கையெழுத்து. இலக்கு அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "வாசிப்பை மேம்படுத்துதல்" என்பதை யாரும் அளக்க முடியாது. "நான்காம் வகுப்புத் தமிழ்ப் பத்தியை நிமிடத்துக்கு 50 சொல் வேகத்தில், 3 பிழைக்குள் வாசிப்பார்" என்பது இலக்கு. மாற்றங்களையும் அப்படியே: "உதவுதல்" என்று எழுதாதீர்கள். "கரும்பலகைக் குறிப்பைப் பார்த்தெழுத வைப்பதில்லை, அச்சுநகல் தரப்படும்" என்று எழுதுங்கள். அதை யார் அச்செடுப்பார் என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டாம் வாரமே நின்றுவிடும்.

ஒரு வேண்டுகோள். இந்தத் தாளைப் பாட ஆசிரியர்களிடம் மட்டும் பகிருங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "இன்னாருக்கு மட்டும் கூடுதல் நேரம்" என்று போடாதீர்கள். பிள்ளையின் மருத்துவ விவரம் மற்ற நாற்பது வீட்டுக்கும் போகக் கூடாது.

கோவை_பெற்றோர்
ஐ.இ.பி. பற்றிப் பேசுகிறீர்கள், அந்தக் கட்டத்துக்கே வரவிடாத பள்ளிகள் உண்டு. சேர்க்கையின்போது பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு "எங்களிடம் வசதி இல்லை" என்பது ஒரு வகை. பாதி ஆண்டில் "டிசி வாங்கிக்கொள்ளுங்கள், வேறு நல்ல பள்ளி பாருங்கள்" என்பது இன்னொரு வகை. மூன்றாவது, வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து உதவும் நிழல் ஆசிரியரை நீங்களே சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள், இல்லையென்றால் வகுப்பில் விடமாட்டோம் என்பது. எதற்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

சட்டக்குறிப்பு
மேடம், மூன்றும் வேறுவேறு.

சேர்க்கையில் சோதிப்பது: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13. பிள்ளையையோ பெற்றோரையோ எந்தத் தேர்வுமுறைக்கும் உட்படுத்தக் கூடாது. மீறினால் முதல்முறை 25,000 ரூபாய்வரை, பிறகு ஒவ்வொரு முறையும் 50,000வரை. 2012 திருத்தத்துக்குப் பிறகு 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குரிய வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் மாற்றுத்திறன் குழந்தைகளும் அடக்கம். "வசதி இல்லை" என்ற மறுப்பு 2016 சட்டத்தின் பிரிவு 16க்கு நேர் எதிரானது. வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். எழுதித்தர மறுத்தால், "இன்ன தேதியில் நேரில் வந்தபோது இந்தக் காரணம் சொல்லிச் சேர்க்கை மறுக்கப்பட்டது, சரிதானா என உறுதிசெய்யவும்" என்று நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆவணம் உருவாகிவிடும்.

டிசி: எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 16. "பெற்றோரே விரும்பிக் கேட்டார்" என்று தாள் தயாரிப்பது வழக்கம். விருப்பமில்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கடினம்.

நிழல் ஆசிரியர்: தகவமைப்பு வழங்க வேண்டியவர் பள்ளி. அதன் செலவைப் பெற்றோர் தலையில் கட்டி, அதையே வகுப்பில் இருப்பதற்கு நிபந்தனையாக்குவது பாகுபாடு என்ற வாதத்துக்கு வலு அதிகம். பெற்றோர் தாமாக முன்வந்து ஒருவரை அமர்த்தினால் அது வேறு.

புகார் வரிசை: முதலில் பள்ளிக்கு எழுத்தில், 15 நாள் கெடு வைத்து. பிறகு மாவட்டக் கல்வி அலுவலருக்கு, தனியார் பள்ளிகள் பிரிவுக்கு. அதோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு. விசாரணைக்கு ஆளை அழைப்பதிலும் ஆவணம் கேட்பதிலும் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு (2016 சட்டம், பிரிவு 82). அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 81). அரசுப் பள்ளியாக இருந்தால் பிரிவு 23இன்படி குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரைப் பதிந்து 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும்.

ஆசிரியர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அதே 2016 சட்டத்தின் பிரிவு 92. பொதுவெளியில், சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை. இது அபராதத்தோடு முடியும் பிரிவு அல்ல. செவித்துணைக் கருவி, சக்கர நாற்காலி போன்ற துணைக்கருவியைப் பயன்படுத்தவிடாமல் குறுக்கிடுவதும் இதே பிரிவில் வரும். "தொந்தரவு செய்கிறான்" என்று கருவியைப் பிடுங்கி மேசையில் பூட்டிவைப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும். அடிப்பதும் மன உளைச்சல் தருவதும் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17இல் தடை செய்யப்பட்டவை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது பிரிவு 19இன்படி கட்டாயம். சொல்லாதவருக்குப் பிரிவு 21இல் 6 மாதம்வரை தண்டனை. நிறுவனத் தலைவருக்கு 1 ஆண்டுவரை. பேச்சில்லாத பிள்ளை, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை சொன்னதை "புரியாமல் சொல்கிறது" என்று ஒதுக்க உங்களுக்கு உரிமை இல்லை. பள்ளிக்குள் விசாரித்து முடித்துக்கொள்ளவும் கூடாது. நீதிமன்றம் பிள்ளையின் சாட்சியத்தைப் பதியும்போது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற அதே சட்டத்தின் பிரிவு 38 வழி செய்கிறது.

தாளாளர்_தரப்பு
பயனுள்ள விளக்கம், நன்றி. நிர்வாகம் என்ற முறையில் இரண்டு கேள்விகள். சிறப்புக் கல்வியாளர் நியமனத்தில் எதைப் பார்க்க வேண்டும்? சாய்தளம் கட்டினோம், ஆய்வுக்கு வந்தவர் செல்லாது என்கிறார். 45 செ.மீ. உயரத் திண்ணைக்கு இரண்டரை மீட்டர் நீளம் விட்டிருக்கிறோம்.

சாய்தளம்_கட்டடம்
சாய்வு 1க்கு 12. ஒரு பங்கு ஏற, பன்னிரண்டு பங்கு ஓட வேண்டும். 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர். இரண்டரை மீட்டரில் கட்டினால் 1க்கு ஐந்தரை. அதில் பிள்ளை தானாக ஏற முடியாது, பின்னால் தள்ளுபவரும் சறுக்குவார், இறங்கும்போது நாற்காலி முன்னால் கவிழும். இடம் இல்லையென்றால் பாதியில் தளம் விட்டுத் திருப்புங்கள். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. மேலும் கீழும் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம், இருபுறமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் நழுவாத விளிம்பு. வழவழ ஓடு வேண்டாம், மழையில் ஆபத்து. கதவு 90 செ.மீ. திறக்க வேண்டும். சாய்தளத்தின் உச்சியில் வெளிப்பக்கம் திறக்கும் கதவை வைத்துவிட்டால், கதவைத் திறக்க நாற்காலி பின்வாங்க வேண்டிவரும். கழிப்பறைக்குள்ளும் 1.5 மீட்டர் திரும்பும் இடம் விடுங்கள். அதைப் பழைய மேசை போட்டுவைக்கும் கிடங்காக்கினால் கட்டியும் பயனில்லை.

வள_மையம்
நியமனத்துக்கு: இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் செல்லுபடியாகும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டயம் இருந்தும் பதிவைப் புதுப்பிக்காதவர்கள் உண்டு. எந்தக் குறைபாட்டில் சிறப்புப் பயிற்சி என்றும் பாருங்கள். செவிக்குறைபாட்டுப் பயிற்சி பெற்றவரிடம் பிரெய்ல் கற்பிக்கச் சொல்வது இருவருக்கும் அநீதி. விகிதத்தை ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 28 அக்டோபர் 2021 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15க்கு ஒருவர். நியமித்தவரை வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பு பார்க்க அனுப்பாதீர்கள். பல பள்ளிகளில் அவருடைய நேரம் இப்படித்தான் கரைகிறது.

அவர் வந்துவிட்டார் என்பதால் பாட ஆசிரியரின் பொறுப்பு குறையாது. செவிக்குறைபாடுள்ள மாணவர் இருக்கும் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது பாட ஆசிரியர் செய்ய வேண்டியது. எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டாகி உதடு தெரியாது. செவித்துணைக் கருவி ஒன்றரை மீட்டருக்குள்தான் நன்றாக வேலை செய்யும். பின்னால் உள்ள மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். குறைபார்வை மாணவருக்கு 18 முதல் 24 புள்ளி அளவில் தடித்த எழுத்தில் தாள் கொடுங்கள். ஏ4 தாளை அப்படியே ஏ3 ஆக நகலெடுப்பது போதாது, மங்கலான அச்சு பெரிய மங்கலாகும். பிரெய்ல் புத்தகம் வேண்டுமானால் பள்ளி திறந்தபின் கேட்டால் பாதி ஆண்டு போய்விடும். முந்தைய கல்வியாண்டிலேயே எண்ணிக்கையை அனுப்புங்கள்.

வகுப்பாசிரியர்_9ஆ
கடிதத்தை எழுதிவிட்டேன், நாளை தலைமையாசிரியரிடம் தருகிறேன். கடைசியாக ஒன்று: வரும் இடைப்பருவத் தேர்வில் சான்று இல்லாமலே கூடுதல் நேரம் தந்தால், விடைத்தாளில் ஏதாவது குறிக்க வேண்டுமா?

தேர்வறை_27
விடைத்தாளின் முகப்பில் குறைபாட்டின் பெயரை எழுதாதீர்கள். திருத்துபவருக்கு அது தேவையில்லை. தொடங்கிய நேரம், முடித்த நேரம், கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் மட்டும் போதும். பொதுவான நேரம் முடிந்ததும் மாணவர் அதுவரை எழுதிய இடத்தில் ஒரு கோடு போட்டு, மேற்கொண்டு வேறு நிற மையில் எழுதச் சொல்லுங்கள். கூடுதல் நேரத்தில் எத்தனை மதிப்பெண்ணுக்கான விடை வந்தது என்பது கோட்டுக்குக் கீழே தெரியும். மூன்று பாடங்களுக்கு அப்படிச் செய்து, அந்த நகல்களை மருத்துவக் குழுவுக்குப் போகும் கோப்பில் இணையுங்கள்.